டிஜிட்டல் பின்பால் டேபிள்களைப் பணம் கொடுத்து வாங்கலாமா? அவை எத்தனை காலம் நிற்கும்?

காரைக்குடி செக்காலையிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் சென்டரில் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஆடிய பின்பால், அதாவது சாய்ந்த பலகையில் உருளும் குண்டைக் கீழே விழாமல் அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம், ஏன் காணாமற்போனது? சில ஆண்டுகளுக்கு முன் டேப்லெட்டில் காசு கொடுத்து வாங்கிய டேபிள்களை (தனித்தனி பின்பால் பலகைகளை) இப்போது தேடினால் ஏன் கடையிலேயே இல்லை? பத்து வயது மகன் கேட்கிறான் என்பதற்காக மறுபடியும் செலவு செய்யலாமா? மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: விலை கொடுத்து வாங்கிய ஆட்டம் நம்முடையதாக நிலைக்குமா, இந்த வகை ஆட்டமே நிலைக்குமா என்பது. சிங்கப்பூரில் கணினி ஆட்டங்களுக்கு இயற்பியல் நிரல் எழுதுவதும், பழைய ஆட்டங்களைப் புதிய கருவிகளுக்கு மாற்றிக் கொடுப்பதும் நெடுங்காலம் என் வேலையாக இருந்தது. இப்போது காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே அதைச் செய்துவருகிறேன். ஆகவே குண்டு எப்படி ஓடுகிறது, நிரல் எதனால் பழுதாகிறது என்பவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். உரிமம் பற்றிச் சொல்வதெல்லாம் தொழிலில் பார்த்தது. நான் வழக்கறிஞர் அல்லேன். எதிர்காலம் பற்றிச் சொல்வதைக் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் ஆடியது ‘3டி பின்பால் ஸ்பேஸ் கேடட்’. சினிமாட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்க, மாக்சிஸ் 1995இல் வெளியிட்ட ‘ஃபுல் டில்ட்! பின்பால்’ தொகுப்பின் மூன்று டேபிள்களுள் அது ஒன்று. விண்டோஸ் 95க்கான ‘பிளஸ்!’ தொகுப்பில் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்த்தது. பிறகு எக்ஸ்பி வரைக்கும் அது கூடவே வந்தது. குண்டை அடிக்கும் துடுப்புகளுக்கு ஃபிளிப்பர் என்று பெயர்; இடது ஃபிளிப்பருக்கு இசட் விசை, வலது ஃபிளிப்பருக்குச் சாய்கோட்டு விசை, குண்டை ஏவ ஸ்பேஸ் பார். அந்நாளைய கம்ப்யூட்டர் சென்டர்களில் ஆங்கிலத் தட்டச்சுக்கு அதிகம் பயன்படாத அந்த இசட் விசையில் மட்டும் எழுத்து அழிந்து, பிளாஸ்டிக் வழுவழுவென்று மின்னிக்கொண்டிருக்கும். எந்தக் கணினியில் பையன்கள் அதிகம் உட்காருகிறார்கள் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த ஆட்டம் இல்லாமற்போனதற்கு மைக்ரோசாஃப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் 2012இல் ஒரு விளக்கம் எழுதினார். 64 பிட் என்ற புதிய வகைக் கணினிக்கு மாற்றியபோது குண்டு எதன்மீதும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிச் சென்றதாகவும், ஆட்டம் தொடங்கியதுமே ஏவுகோலுக்குள் புகுந்து மெல்லக் கீழே இறங்கி மறைந்ததாகவும், வெளி நிறுவனம் எழுதிய குறிப்புரையற்ற நிரலில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இயலாததால் கைவிட்டதாகவும் அவர் சொல்கிறார். சொன்னவர் அந்த வேலையைச் செய்தவரே என்பதால் அந்த நிகழ்வை நம்பலாம். ஆனால் எக்ஸ்பியின் 64 பிட் பதிப்பிலும் அந்த ஆட்டம் இருந்தது. எனவே விஸ்டாவில் இல்லாமற்போனதற்கு அது ஒன்றே முழுக் காரணம் என்று கொள்வதற்கில்லை.

குண்டு சுவரை ஊடுருவுவது பின்பால் நிரல் எழுதும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சிக்கல். இந்த ஆட்டத்தின் கடினம் எங்கே இருக்கிறது என்பதையும் அது காட்டிவிடுகிறது. அசல் இயந்திரத்தில் ஓடுவது ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு. அது ஓடும் பலகை வழக்கமாக 6.5 பாகை சாய்ந்திருக்கும். குண்டு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். கணினி நொடிக்கு 60 முறை மட்டும் அதன் இடத்தைக் கணக்கிட்டால், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் குண்டு 5 சென்டிமீட்டர் தாண்டிவிடும். அது குண்டின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. நடுவே ஒரு மெல்லிய கம்பித் தடுப்பு இருந்தால், இந்தக் கணத்தில் குண்டு தடுப்புக்கு முன்னால் இருக்கிறது, அடுத்த கணத்தில் பின்னால் இருக்கிறது. மோதல் நிகழ்ந்ததே கணினிக்குத் தெரியாது. ஃபிளிப்பர் அதைவிடப் பெரிய தொல்லை. சுமார் 50 வோல்ட் சுருள் இழுத்ததும் அது மிகக் குறுகிய நேரத்தில் எழுந்துவிடுகிறது. குண்டு அதன் நுனியில் படுகிறதா, நடுவில் படுகிறதா, எழத் தொடங்கும்போது படுகிறதா, எழுந்து முடிந்தபின் படுகிறதா என்பதைப் பொறுத்துக் குண்டு போகும் திசை முற்றிலும் மாறும். ஆட்டக்காரரின் திறமை முழுவதும் அந்தச் சிறு கால இடைவெளிக்குள்தான் அடங்கியிருக்கிறது. அதனால் நல்ல பின்பால் நிரல்கள் திரையில் 60 படம் மட்டுமே காட்டினாலும், உள்ளே நொடிக்குப் பல நூறு முறை, சில நிரல்கள் ஆயிரம் முறை, கணக்கிடுகின்றன.

இவ்வளவு செய்த பிறகும் டிஜிட்டல் பின்பால் பாதி உண்மையாகவும் பாதி ஒப்பனையாகவுமே இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. 1990களின் பின்பால் இயந்திரங்களில் ஆட்ட விதிகள், புள்ளிக் கணக்கு, ஒலி எல்லாம் ரோம் எனப்படும் அழியா நினைவகச் சிப்களில் எழுதப்பட்டிருந்தன. வில்லியம்ஸ் நிறுவனத்தின் அக்காலத்து இயந்திரங்களில் இருந்தது மோட்டோரோலா 6809 என்ற சிறு செயலி. அந்தச் செயலியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலை எழுதி, அசல் ரோமை அதில் ஓடவிட்டால், எந்த வளைவில் எத்தனை முறை குண்டு ஏறினால் எந்த விளக்கு எரியும் என்பதெல்லாம் இம்மியும் பிசகாமல் அசலாகவே கிடைக்கும். குண்டின் ஓட்டமோ யாரோ ஒருவர் அசலை ஆடிப் பார்த்து, ரப்பர் வளையம் எவ்வளவு துள்ளும், பலகையின் மெழுகு எவ்வளவு வழுக்கும் என்று மதிப்பிட்டுப் போட்ட எண்களின் விளைவு. ஒரே டேபிளை இரு நிறுவனங்கள் செய்தால் விதிகள் ஒன்றாகவே இருக்கும், கைக்குத் தெரியும் உணர்வு வேறாக இருக்கும் என்பதற்கு இதுவே காரணம். உள்ளங்கையால் இயந்திரத்தைத் தட்டிக் குண்டை இம்மியளவு விலக்கிவிட்டு, ‘டில்ட்’ ஆகாமல் (மிகையாக அசைத்ததற்காக இயந்திரம் ஆட்டத்தை நிறுத்திவிடாமல்) தப்பிக்கும் அந்தக் கலையை எந்த விசையும் எந்தத் தொடுதிரையும் இதுவரை சரியாகத் தந்ததில்லை. சிங்கப்பூரில் அசல் இயந்திரத்தில் ஆடிப் பழகிய பிறகு எனக்கு இதில் ஐயமே இல்லாமற்போயிற்று.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. டேப்லெட்டில் நீங்கள் வாங்கியது, விவரத்தைப் பார்த்தால், ஃபார்சைட் ஸ்டூடியோஸ் 2012இல் தொடங்கிய ‘தி பின்பால் ஆர்கேட்’ ஆக இருக்க வேண்டும். வில்லியம்ஸ், பாலி முதலிய பழைய நிறுவனங்களின் இயந்திரங்களை ஒவ்வொன்றாகக் கணினிக்குக் கொண்டுவந்த பெருமுயற்சி அது. வில்லியம்ஸ், பாலி டேபிள்களுக்கான அதன் உரிமம் 2018 ஜூன் 30 அன்று முடிந்தது. அன்றோடு அவை விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டன. ஏற்கெனவே வாங்கியவர்கள் மீண்டும் இறக்கிக்கொள்ள முடிந்தது, புதிதாக எவரும் வாங்க முடியவில்லை. அதே உரிமம் புடாபெஸ்ட் நகரின் ஜென் ஸ்டூடியோஸுக்குப் போயிற்று. அவர்கள் அதே ஆண்டு அக்டோபரில் ‘மெடிவல் மேட்னஸ்’, ‘ஃபிஷ் டேல்ஸ்’ உள்ளிட்ட நான்கு டேபிள்களைத் தங்கள் ‘பின்பால் எஃப்எக்ஸ்3’ ஆட்டத்துக்காகப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். ஃபார்சைட்டிடம் வாங்கியவர் அதே டேபிளை ஜென்னிடம் பெரும்பாலும் மறுபடியும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இதில் மிகக் கடினமானது ‘ஆடம்ஸ் ஃபேமிலி’. அதே பெயர்த் திரைப்படத்தை வைத்து 1992இல் வந்த அந்த இயந்திரம் 20,000க்கும் மேல் விற்றது; தற்கால வகை பின்பால்களில் அவ்வளவு விற்றது வேறில்லை. அதைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டுமானால் இயந்திரத்தின் உரிமை ஒருவரிடம், படத்தின் உரிமை இன்னொருவரிடம், பலகையில் வரைந்திருக்கும் அப்பட நடிகர்கள் ராவுல் ஹூலியா, ஏஞ்செலிகா ஹியூஸ்டன் ஆகியோரின் முகத்துக்கும் குரலுக்கும் ஒப்புதல் வேறிடத்தில் என்று பல வாசல் ஏற வேண்டும். ஃபார்சைட் அதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியே உரிமம் பெற்றது. அந்த உரிமமும் 2018இல் போனபின், 2023இல் ஜென் வெளியிடும் வரை உலகின் மிகப் புகழ்பெற்ற பின்பாலைச் சட்டப்படி டிஜிட்டல் வடிவில் புதிதாக வாங்க வழியே இருக்கவில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் நிலைமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பங்காளி பினாங்கில், ஒருவர் சென்னையில், இருவர் எங்கே என்றே தெரியாது. இரண்டாம் கட்டின் ஓட்டை மாற்றுவதற்குக்கூட அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒருவர் ஒப்பவில்லை என்றால் பர்மாத் தேக்குத் தூண் நனைந்துகொண்டே நிற்கும். தூணில் எந்தக் குறையும் இல்லை. டிஜிட்டல் டேபிளின் நிரலிலும் பெரும்பாலும் குறை இருப்பதில்லை; கையெழுத்துத்தான் கிடைப்பதில்லை.

உரிமம் நிலைத்தாலும் கருவி நிலைப்பதில்லை. 2017இல் ஐபேடின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் ஆப்கள் ஐபேடில் ஓடாமல் நின்றன. எழுதியவர்கள் புதுப்பிக்காத பல ஆட்டங்கள் அன்றே முடிந்துபோயின. 2024 ஜூலை 29 அன்று, மைக்ரோசாஃப்டின் ஆட்டக் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360இன் இணையக் கடை மூடப்பட்டது. ஜென் ஸ்டூடியோஸின் முதல் ‘பின்பால் எஃப்எக்ஸ்’ 2007இல் வெளிவந்த இடம் அது. நிறுவனமே தன் ஆட்டத்தை மாற்றுவதும் உண்டு. எஃப்எக்ஸ்2இல் வாங்கிய டேபிள்களில் பெரும்பாலானவற்றை எஃப்எக்ஸ்3க்குக் கொண்டுபோக அனுமதித்த ஜென், அடுத்து வேறோர் அடித்தளத்தில் புதிதாகக் கட்டிய ‘பின்பால் எஃப்எக்ஸ்’ ஆட்டத்துக்கு அந்த வசதியைத் தரவில்லை. டேபிள்கள் புதிய ஒளியமைப்போடும் இயக்கத்தோடும் திருத்தி எழுதப்பட்டவை என்பது உண்மை. அந்த உழைப்பின் அளவு எனக்குத் தெரியும். ஆயினும், ஒரே டேபிளை மூன்றாம் முறை வாங்கச் சொன்னால் வாடிக்கையாளருக்கு மனக்கசப்பு வருவது நியாயமே என்பதுதான் என் கருத்து. இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். கடையில் ‘வாங்கு’ என்று எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. இதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றியது. 2025 தொடக்கத்திலிருந்து அது நடைமுறையில் உள்ளது.

வியப்பு என்னவென்றால், அழிந்துவிடும் என்று பயந்து எதைக் கணினிக்குள் காப்பாற்றப் பார்த்தார்களோ அந்த இயந்திரம் நன்றாகவே இருக்கிறது. 1999இல் வில்லியம்ஸ் பின்பால் தயாரிப்பை நிறுத்தியபோது, உலகில் பெயர் சொல்லும்படி மிஞ்சிய தயாரிப்பாளர் ஸ்டெர்ன் ஒன்றுதான். அப்போது டிஜிட்டல் வடிவமே கடைசிப் புகலிடம் என்று பலரும் எண்ணியதில் தவறில்லை. பிறகு 2011இல் ஜெர்சி ஜாக் வந்தது. இன்னும் சில நிறுவனங்கள் வந்தன. இன்று புதிய இயந்திரம் ஒன்று சுமார் 7,000 டாலரில் தொடங்குகிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. 1992இல் செய்த இயந்திரத்தில் சுருள் எரிந்தால் சுருளை மாற்றலாம், ரப்பர் இற்றுப்போனால் ரப்பரை மாற்றலாம், எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் பின்பாலின் மூதாதையான பகடெல் பலகை ஒன்றைப் பார்த்தேன். மரச்சட்டம், அரைவட்டமாக அடித்த பித்தளை ஆணிகள், பச்சைச் சாயம் உரிந்த பலகை, வலப்புறம் சுருள்வில் பொருத்திய ஏவுகோல். அப்படி வில் வைத்த ஏவுகோலுக்கு மான்டேகு ரெட்கிரேவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1871இல். அந்தப் பலகையில் ஓர் ஆணி மட்டும் சாய்ந்திருந்தது. வில்லை இழுத்துவிட்டால் குண்டு இப்போதும் மேலேறி, ஆணிகளில் தட்டித் தட்டி இறங்குகிறது. ஆறேழு ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல இயலாது.

நிறுவனங்கள் கைவிட்டதை ஆர்வலர்கள் காப்பாற்றுவது இத்துறையில் பழைய வழக்கம். ராண்டி டேவிஸ் 2000ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்ட ‘விஷுவல் பின்பால்’ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மூலநிரல் பின்னர் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அதில் ஓடும் டேபிள்களை வரைந்து குவித்திருக்கிறார்கள். அசல் ரோம்களை ஓட்டுவதற்குத் துணையாக ‘பின்மேம்’ என்ற நிரலும் உண்டு. தொலைக்காட்சியைப் படுக்கவைத்து மரப்பெட்டிக்குள் பொருத்தி, பக்கவாட்டில் பொத்தான் வைத்து, அசல் இயந்திரத்தைப் போலவே ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, ஒரு டேபிள் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஆடும் நிலையில் இருக்கும் வாய்ப்பு இந்த வழியில்தான் அதிகம், ஏனென்றால் நிரலைத் திருத்த யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். அந்த நிரல்கள் சட்டப்படியானவை என்பதில் ஐயமில்லை. ரோம்களும், பழைய பலகையின் ஓவியங்களும் அப்படி அல்ல. அவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார், பலர் கண்டும் காணாமல் இருக்கிறார்கள் என்பதற்காக அது அனுமதி ஆகிவிடாது. உங்கள் ஸ்பேஸ் கேடட்டுக்கும் இதே வகையில் ஒரு மறுபிறப்பு கிடைத்தது: ஓர் ஆர்வலர் பழைய இயங்கு கோப்பைப் பிரித்துப் பொருள் கண்டு முழு நிரலையும் மீண்டும் எழுதி 2021இல் வெளியிட்டார். இன்றைய 64 பிட் கணினியில் குண்டு எதையும் ஊடுருவாமல் ஒழுங்காக ஓடுகிறது. படமும் ஒலியும் கொண்ட தரவுக் கோப்புகளை மட்டும் அவர் தரவில்லை. அவற்றை உங்கள் பழைய எக்ஸ்பி வட்டிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்காலம் பற்றி என் கணிப்பைச் சொல்கிறேன். பழைய புகழ்பெற்ற இயந்திரங்களின் டிஜிட்டல் பிரதிகள் ஒரே நிறுவனத்தின் கையில் குவிந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. ஜென் நல்ல வேலைக்காரர்கள். அவர்கள் தொழில் நன்றாக நடக்கும் வரை எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஓர் உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமற்போனால் 2018இல் நடந்தது மீண்டும் நடக்கும். அது எப்போது என்று சொல்வதற்கில்லை, நடக்காமலும் போகலாம். ஆனால் கணினிக்கென்றே பிறந்த பின்பால்களைப் பற்றி நான் நம்பிக்கையோடு இருக்கிறேன். ஸ்வீடனின் டிஜிட்டல் இல்யூஷன்ஸ் 1992இல் அமிகா என்ற அக்காலக் கணினிக்குச் செய்த ‘பின்பால் ட்ரீம்ஸ்’, அதன் அடுத்த படியான ‘பின்பால் ஃபான்டசீஸ்’, அண்மையில் 2019இல் வந்த ‘டீமன்ஸ் டில்ட்’ போன்றவற்றுக்கு நடிகர் முகமும் தேவையில்லை, திரைப்பட நிறுவனத்தின் தயவும் தேவையில்லை. அசல் இயந்திரத்தில் செய்யக் கடினமானதை, அதாவது திரையெங்கும் நகரும் எதிரிகள் போன்றவற்றை, இவற்றில் சில செய்கின்றன. நகலெடுப்பதை விட்டுத் தன் சொந்த வழியில் போகும் டிஜிட்டல் பின்பாலுக்குத்தான் நீண்ட ஆயுள் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட ஆட்டங்களைச் செய்வோர் சிலரே, வாங்குவோரும் சிலரே என்பதால் இதையும் உறுதி என்று சொல்லமாட்டேன்.

ஆகவே மகனுக்காக வாங்கலாமா என்றால், வாங்குங்கள், சில கவனங்களோடு. ஜென்னின் ‘பின்பால் எஃப்எக்ஸ்’ பதிவிறக்கம் இலவசம். அதில் இருக்கும் சோதனை டேபிளை ஆடவிட்டு, பிடித்திருந்தால் தள்ளுபடிக் காலத்தில் ஓரிரு டேபிள்களை மட்டும் எடுங்கள். மொத்தத் தொகுப்பையோ, சந்தா முறை இருந்தால் அதையோ, இப்போதே எடுக்க வேண்டாம். சந்தா நின்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. திரைப்படப் பெயர் தாங்கிய டேபிள் ஒன்றின் மீது ஆசை இருந்தால் அதை முதலில் வாங்கிவிடுங்கள், கடையிலிருந்து முதலில் மறைவது அதுதான். கொடுத்த காசுக்கு உறுதியாக மிஞ்ச வேண்டும் என்றால், ‘பின்பால் ட்ரீம்ஸ்’ வகையறாக்களை ஜிஓஜி என்ற இணையக் கடை பூட்டில்லாத கோப்புகளாக விற்றுவந்திருக்கிறது. அவற்றை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய டேப்லெட்டில் அந்த ஃபார்சைட் டேபிள்கள் இன்னும் திறக்கின்றன என்றால் அதைக் கழித்துவிடாதீர்கள், இயங்குதளத்தைப் புதுப்பிக்கவும் வேண்டாம்.

ஆடும் கருவியாகத் தொடுதிரையைவிடக் கணினியும் கம்பி இணைத்த விசைப்பலகையும் மேல். தொலைக்காட்சியில் இணைத்தால் அதன் அமைப்புகளில் ‘கேம் மோடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் படத்தை அழகுபடுத்தத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் தாமதத்தில், விசையை அழுத்திய பிறகே ஃபிளிப்பர் எழுவதுபோல் தோன்றும், பையன் தன்மீதே குற்றம் சொல்லிக்கொண்டு எழுந்துவிடுவான். முதல் பாடமாக, இரண்டு ஃபிளிப்பரையும் ஒன்றாக அடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். குண்டு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்து ஃபிளிப்பரை மட்டும் தூக்கிப் பிடித்து, குண்டு அதன் மடியில் உருண்டு நிற்கும் வரை காத்திருந்து, பிறகு விட்டு, அது நுனியை நோக்கி உருளும்போது குறிபார்த்து அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பேஸ் கேடட்டிலும் இது செய்ய வரும், 1992ஆம் ஆண்டு இயந்திரத்திலும் வரும்.